டையில் அழுத்திய பிறகும் 9 எம்எம் கூடு பேரலுக்குள் இறங்கவில்லை

குன்னூர்_லேத்:
ஒட்டுப்பட்டறையில் இருக்கிறேன். முப்பது வருஷம் லேத் ஓட்டியவன், துப்பாக்கியைத் தொட்டதில்லை. அக்கா மகன் டெக்சாஸில் இருக்கிறான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி மறுபடி நிரப்புவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்காம். சுட்டதில் விரிந்த கூட்டை டை என்கிற அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்களாம். “மாமா, டையில் அழுத்தி எடுத்தும் பத்தில் ரெண்டு பேரலுக்குள் முழுசா இறங்கல” என்றான். வெர்னியரை நம்பாதே, மைக்ரோமீட்டர் வை என்றேன். வாய்ப்பக்கம் சரி. அடியில், கூட்டைச் சுற்றி ஓடும் பள்ளத்துக்குச் சற்று மேலே 9.98 மில்லிமீட்டர். 9.93-ஐத் தாண்டக் கூடாதாம்.

பித்தளை எனக்குப் புதிதல்ல. அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் திமிறிக்கொண்டு விரியும். குடம் தட்டுகிறவர்கள் இறுகிய தகட்டைக் காய்ச்சி இளக்குவார்களே, அப்படி அடியைக் காய்ச்சிவிட்டு அழுத்தச் சொல்லட்டுமா?

கோத்தகிரி_டு_ஆஸ்டின்:
அண்ணா, அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்! கூட்டின் அடி, பேரலில் தோட்டா உட்காரும் அறைக்குக் கொஞ்சம் வெளியே நிற்கும், அங்கே தாங்கச் சுவர் கிடையாது. பித்தளை கெட்டியாக இருப்பதால்தான் தாக்குப்பிடிக்கிறது. இளக்கினால் அடி பிளந்து, சூடான வாயு சுடுகிறவர் கைக்கும் முகத்துக்கும் வரும். ரைஃபிள் கூட்டில் கழுத்தை மட்டும் காய்ச்சுவார்கள், அதுவும் அடிக்குச் சூடு இறங்காமல். பிஸ்டல் கூட்டுக்கு அந்த வேலையே வேண்டாம். வாய் கீறினால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

லீவரை முழுக்க அழுத்திய நிலையில், டைக்கும் கூட்டைப் பிடிக்கும் ஹோல்டருக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா?

குன்னூர்_லேத்:
படம் அனுப்பினான். ஒரு ரூபாய் நாணயம் தாராளமாக நுழையும்! டை கூட்டின் அடிவரை இறங்கவே இல்லை. இதை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். டை கார்பைடு, எண்ணெய் போடவில்லையாம்.

கோத்தகிரி_டு_ஆஸ்டின்:
கார்பைடுக்கு எண்ணெய் கட்டாயமில்லை. ஆனால் 9 எம்எம் கூடு அடி பருத்து வாய் சிறுத்தது, லேசாகத் தடவினால் லீவர் சுளுவாக இறங்கும். டையை இறக்கி, ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் விடச் சொல்லுங்கள். ஓங்கி முட்டினால் கார்பைடு வளையம் விரிசல் விடும். டையின் வாய் உருட்டி விட்டிருப்பதால் கடைசி ஓரம் எப்படியும் எட்டாது. அதற்கப்புறமும் கழற்றிய பேரலில் இறங்காத கூட்டை ஒதுக்கிவிடட்டும்.

வெலிங்டன்_ஓய்வு:
இங்கே யாரும் இதைப் படித்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம். 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களும், அதைச் செய்யும் இயந்திரமும்கூட அந்தச் சட்டத்தில் தோட்டாக் கணக்குதான். அருவங்காட்டில் வெடிமருந்து ஆலை இருக்கிறது என்பதற்காக நம் வீட்டுக் கொல்லையிலும் ஒன்று வைக்க முடியாது.

குன்னூர்_லேத்:
டையை இறக்கினான். ஒன்று 9.92, டங்கென்று விழுந்துவிட்டது. இன்னொன்று அசையவில்லை. “லீவுக்கு வரும்போது அதை எடுத்துட்டு வரேன் மாமா, பாருங்க” என்றான். வெலிங்டன் ஐயா சொன்னதைப் படித்துக் காட்டி, போட்டோ போதும்டா என்றேன்.