மறு: ஸ்ப்ளைசிங் – 'களைந்திணைப்பு' வேண்டாம், 'விட்டுத்தொடுத்தல்' சரியாக வருமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

உயிரியலில் ஸ்ப்ளைசிங் (splicing) என்பதற்குத் தமிழ்ச்சொல்லாகப் போன வாரம் நான் முன்வைத்த 'களைந்திணைப்பு' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் பெங்களூர் அல்சூரில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் தமிழில் நடத்தும் உயிரியல் வகுப்புக்கான குறிப்பில் இந்தச் சொல் ஏறப்போகிறது. ஒருமுறை மனதில் பதிந்த சொல்லைப் பிறகு பிடுங்குவது கஷ்டம்.

உயிரியல் படிக்காதவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் பிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரின் குழுக்களும் அடினோவைரஸை ஆராய்ந்தபோது, மரபணு ஒரே நீட்டாக இல்லை, துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று கண்டார்கள். செல் முதலில் முழு நீளத்தையும் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கிறது. அப்புறம் நடுநடுவே உள்ள பகுதிகளை எடுத்துவிட்டு மிச்சத்தை வரிசை மாறாமல் சேர்க்கிறது. எடுக்கப்படுவது இன்ட்ரான், சேர்க்கப்படுவது எக்சான். இரண்டும் 1978இல் வால்டர் கில்பர்ட் வைத்த பெயர்கள். தசைச் சிதைவு நோயோடு தொடர்புள்ள டிஸ்ட்ரோபின் மரபணு 20 லட்சம் எழுத்துகளுக்கும் (மரபணுச் சரத்தின் வேதி அலகுகளை இப்படிச் சொல்கிறேன்) மேல் நீண்டது. அதில் 79 எக்சான்களைச் சேர்த்தபின் நிற்பது சுமார் 14 ஆயிரம் எழுத்துகள்தான். இப்படி விட்டும் சேர்த்தும் முடிக்கிற வேலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

இப்போது வந்த மடல்களுக்கு வருகிறேன்.

> கணினியில் தினமும் செய்கிற வேலைதானே? 'வெட்டொட்டு' என்றால் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

உடனே புரியும், ஆனால் தலைகீழாகப் புரியும், ஐயா. கணினியில் எதை வெட்டுகிறோமோ அதையேதான் இன்னொரு இடத்தில் ஒட்டுகிறோம். இங்கே வெட்டியது வெளியே போகிறது, வெட்டாதவை ஒன்றோடொன்று சேர்கின்றன. வகுப்பில் இதை நானே பார்த்தேன். கரும்பலகையில் படம் போட்டு 'வெட்டி ஒட்டுதல்' என்று சொன்னதும், ஒரு பையன் இன்ட்ரானைச் சுற்றி வட்டம் போட்டு, அதிலிருந்து அம்புக்குறி இழுத்து, "இது எங்க சார் போய் ஒட்டும்?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. தப்பு நான் கொடுத்த சொல்லில்தான்.

> ஸ்ப்ளைசிங் என்றே எழுதிவிடலாம். இன்ட்ரானை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறீர்களே?

இன்ட்ரான், எக்சான் இரண்டும் பொருளின் பெயர்கள். 'இன்ட்ரானில்', 'இன்ட்ரானுக்கு' என்று நம் உருபை ஏற்றுக்கொண்டு அவை ஒழுங்காக நடக்கின்றன. ஸ்ப்ளைசிங் ஒரு வினை. வினையைக் கடன் வாங்கினால் கூடவே 'பண்ணு'வும் 'ஆகு'வும் வந்துவிடும். 'ஸ்ப்ளைஸ் பண்ணப்படாத', 'ஸ்ப்ளைஸ் ஆகாமல் போன' என்றெல்லாம் ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. வினைக்கு நம் வேர்ச்சொல் வேண்டும்.

சரி, 'களைந்திணைப்பு' ஏன் வேண்டாம்? இதற்கு அமெரிக்க உயிரியலாளர் ஜோன் ஸ்டைட்ஸ் செய்த ஆய்வைச் சொல்லியாக வேண்டும்.

யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வகத்தில் மைக்கேல் லெர்னர் என்ற மாணவர் இருந்தார். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் தம் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் இருக்கும். அவற்றைத் தூண்டிலாகப் போட்டு, செல்லின் உட்கருவிலிருந்து சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.–புரதக் கூட்டுகளை அவர்கள் வெளியே எடுத்தார்கள். ஆய்வகங்களில் 'ஸ்னர்ப்' என்று சொல்வது இவற்றைத்தான். நோயாளியின் ரத்தமே ஆய்வுக் கருவியாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 1980இல் அந்தக் குழு ஒரு கருத்தை வெளியிட்டது. யூ1 என்ற ஸ்னர்ப்பில் உள்ள ஆர்.என்.ஏ.வின் நுனி எழுத்துகள், இன்ட்ரான் தொடங்கும் இடத்து எழுத்துகளோடு ஜோடி சேர்கின்றன. எங்கே வெட்டுவது என்று செல் கண்டுபிடிப்பது இப்படித்தான் இருக்கும் என்றார்கள். அதே ஆண்டில் ரோஜர்ஸ், வால் இருவரும் தனியே இதையே சொன்னார்கள். இந்தத் துறையில் பின்னால் வந்த ஏராளமான ஆய்வுகள் இதன்மேல்தான் நிற்கின்றன. நம் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலேயே (ஐ.ஐ.எஸ்.சி.) உஷா விஜயராகவன் ஈஸ்டை வைத்து இதே வேலையின் பிற்கட்டங்களை ஆராய்ந்திருக்கிறார்.

நம் மருத்துவர் அக்கா தலசீமியா குழந்தைகளைப் பற்றி எழுதியிருந்தாரே, அதுவும் இங்கேதான் வந்து சேர்கிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்குக் காரணமாக மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம், பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாவது எழுத்தில் இருக்கிறது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி வந்துவிடுகிறது. யூ1 பற்றிக்கொள்ளும் பகுதி அது. பிடி தளர்கிறது, தொடுப்பது தப்பாகிறது, ஹீமோகுளோபின் குறைகிறது, குழந்தை மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொள்ள வருகிறது. புரதத்தில் இடமே இல்லாத ஓர் எழுத்தால் வருகிற வினை இது. அப்படிப்பட்ட பகுதியைக் 'களை' என்று எப்படிச் சொல்வது?

இன்னும் இருக்கிறது. 1996இல் ஸ்டைட்ஸ் குழு ஒரு விசித்திரமான மரபணுவை விவரித்தது. அதில் எக்சான்களைச் சேர்த்து வரும் ஆர்.என்.ஏ. சீக்கிரமே அழிந்துவிடுகிறது, அதிலிருந்து உருப்படியான புரதம் எதுவும் வருவதாகத் தெரியவில்லை. ஆனால் வெட்டி எடுத்த இன்ட்ரான்களுக்குள்ளிருந்து எட்டுச் சிறிய ஆர்.என்.ஏ.க்கள் நிலைத்து நிற்கின்றன. நெல் எது, களை எது என்று அங்கே யார் சொல்வது? 'களைதல்' என்ற வினை வந்தாலே எடுத்தது குப்பை என்று தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிறது. அந்தத் தீர்ப்பைக் கலைச்சொல் சொல்லக் கூடாது. போன வாரம் இதை யோசிக்காமல் விட்டது என் பிழை.

இனி 'விட்டுத்தொடுத்தல்'. செவ்வாய்க்கிழமை மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பூ வாங்க நின்றேன். தொடுத்து வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் நடுவில் கொஞ்சம் பழுத்துப் பழுப்பேறியிருந்தது. பூக்கார அம்மா அந்தப் பகுதியின் இரண்டு பக்கமும் நாரை அறுத்தார். அறுத்த துண்டைக் கீழே போடவில்லை, பக்கத்தில் இருந்த ஈரத்துணி மேல் வைத்தார். மிச்ச நுனிகள் இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. கட்டைவிரலால் அதை ஒருமுறை நீவியதும் எங்கே ஒட்டியது என்றே தெரியவில்லை. என்ன பண்ணினீங்க என்று கேட்டேன். "ரெண்டு விரக்கடை விட்டுத் தொடுத்திருக்கேன், முழம் குறையாது, பயப்படாதீங்க" என்றார். ஈரத்துணி மேல் இருந்த துண்டில் நல்ல பூ நாலைந்து இருந்தது. அதைப் பிரித்து வேறு சரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

'விடு' என்ற வினையில் இழிவு இல்லை. 'ஒன்றுவிட்ட அண்ணன்' என்கிறோம், 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்கிறோம். விடப்பட்டதை யாரும் குப்பையாக நினைப்பதில்லை. எக்சானையே சில சமயம் விட்டுவிடுவதும் இதில் அடங்கும். முதுகுத்தண்டுத் தசைநலிவு நோயில் நடப்பது அதுதான். எஸ்.எம்.என்.2 மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் ஏழாவது எக்சான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஏட்ரியன் கிரெய்னரின் ஆய்விலிருந்து வந்து 2016 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற நுசினெர்சென் மருந்து, அடுத்துள்ள இன்ட்ரானில் போய் ஒட்டிக்கொண்டு அந்த எக்சானை விடாமல் தொடுக்க வைக்கிறது. பார்த்தீர்களா, 'விடாமல் தொடுக்க' என்று வாக்கியம் தானாகவே வந்துவிட்டது.

> 'தொடுப்பு' என்று வகுப்பில் சொன்னால் கடைசி பெஞ்சு சும்மா இருக்காது.

உண்மைதான். அதனால் பெயர்ச்சொல்லாக 'தொடுப்பு' எங்கும் வராது, 'தொடுத்தல்' மட்டுமே. வழக்குத் தொடுத்தல், பூத் தொடுத்தல் எல்லாம் நாம் கூச்சமில்லாமல் சொல்வதுதானே. 'விட்டுக்கொடுத்தல்' என்று தவறாகப் படிப்பார்கள் என்று ஒருவர் தனிமடலில் எச்சரித்தார். அந்த ஓசை காதுக்குப் பழகியது என்பதால் சொல் சீக்கிரம் மனதில் நிற்கும் என்றே நினைக்கிறேன். அச்சுப்பிழை வராமல் மெய்ப்பு பார்ப்பது என் பொறுப்பு. சொல்லில் 'வெட்டு' இல்லையே என்பது நியாயமான குறை. ஆனால் ஒரே செயலின் எல்லாப் படிகளையும் ஒரு சொல்லில் திணிக்க முடியாது. ஆங்கிலச் சொல்லும் கப்பல் கயிற்றின் புரிகளை முறுக்கிச் சேர்ப்பதிலிருந்து வந்ததுதான், அதில் எதையும் விடுகிற பொருளே கிடையாது.

மற்றவை: மாற்று விட்டுத்தொடுத்தல் (alternative splicing), தானே விட்டுத்தொடுத்தல் (self-splicing), விட்டுத்தொடுத்த ஆர்.என்.ஏ. இவை மூன்றும் சரியாக வருகின்றன. இந்த வேலையைச் செய்கிற ஸ்ப்ளைசியோசோமுக்குத்தான் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கு மேற்பட்ட புரதங்களும் கூடிக் கலைகிற அந்தப் பெரிய கூட்டை 'தொடுப்பான்' என்று சொல்ல மனம் வரவில்லை. இந்த முறை எழுத்துப்பெயர்ப்பாகவே விடுகிறேன். யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

குறிப்பு வியாழக்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் சொல்லுங்கள். மருத்துவர் அக்கா, தலசீமியா பத்தியை மட்டும் ஒருமுறை பார்த்துத் தர முடியுமா?