‘உயர் அடர்த்தி’க்கு மாற்றுச்சொல் வேண்டும்

அன்புடையீர்,
நகரமைப்புப் பாடத்தின் ஓர் இயலை நாளை மாலைக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். ‘உயர் அடர்த்திக் குடியிருப்பு’ என்பதை வகுப்பில் படித்துக்காட்டியபோது மாணவர் அனைவரும் அடுக்குமாடிக் கோபுரம் என்றே கொண்டனர். 4 தளக் கட்டடம் மனையில் பாதியை அடைத்தாலும், 20 தளக் கட்டடம் பத்தில் ஒரு பங்கை மட்டும் அடைத்தாலும், மொத்தத் தளப்பரப்பு மனையைப் போல் 2 மடங்கே. உயரம் வேறு, அடர்த்தி வேறு. ‘உயர்’ என்னும் அடை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. குடியிருப்பு வாழ்வதற்கு எவ்வளவு ஏற்றது என்னும் தன்மையைக் குறிக்க ‘வாழ்தகவு’ பொருந்துமா?

ஐயா,
‘மிகையடர்த்தி’ என்றால் அளவு மீறியது என்னும் தீர்ப்பும் சொல்லோடு ஏறிவிடும். நிலத்தில் வீடுகள் மிகுவதும் அறைக்குள் ஆட்கள் மிகுவதும் வேறு என்று நகரமைப்பு எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் வற்புறுத்தினார். முன்னதைச் ‘செறிவு’ என்றும் பின்னதை ‘நெரிசல்’ என்றும் வைத்துச் ‘செறிகுடியிருப்பு’ எனலாம். உயரத்துக்கு ‘உயர்மாடக் குடியிருப்பு’ போதும்; முல்லைப்பாட்டிலேயே ‘எழுநிலை மாடம்’ உண்டு. (மாடத்திலிருந்து மாடி வந்ததா என்று தொடங்கினால் நாளை மாலை கடந்துவிடும்.) ‘வாழ்தகவு’ வேண்டாம், நிகழ்தகவு படித்தவர் அதை உயிர்பிழைக்கும் வாய்ப்பாகக் கணக்கிடுவார். ‘வாழ்வாங்கு வாழ்பவன்’ என்னும் குறளை ஒட்டி ‘வாழ்வாங்குமை’ என்பதே என் பரிந்துரை.

அன்பர்களுக்கு,
‘ஆங்கு’ இடைச்சொல், அதன்மேல் ‘மை’ ஏறாது. ஏற்றினாலும் மாணவர் ‘வாங்கு’ எனப் பிரித்து வீடு வாங்குவதையே நினைப்பர். ‘செறிவு’ வேதியியலில் கரைசலுக்கு வழங்குகிறது. மக்களடர்த்தி வேரூன்றியிருக்கையில் ‘அடர்குடியிருப்பு’ என்பதே எளிது. அடுத்தது, குடியிருக்கத் தகுந்தது என்பது கூரை, நீர், காற்றோட்டம் என்னும் கீழெல்லை மட்டுமே. வெயில் வீட்டுக்குள் வருகிறதா, பள்ளிக்கு நடந்து போகலாமா, கீழே விளையாடும் குழந்தையை மேல்தளத்திலிருந்து கூப்பிட்டால் காது கேட்குமா என்பவையெல்லாம் அதற்கு அப்பாற்பட்டவை. அவற்றையும் தழுவ ‘வாழ்நலம்’ என்க.

அன்புடையீர்,
அடர்குடியிருப்பு, உயர்மாடக் குடியிருப்பு, வாழ்நலம் என மூன்றையும் அச்சுக்கு அனுப்புகிறேன். ‘நலவாழ்வைத் திருப்பிப் போட்டால் புதுப்பொருள் வந்துவிடுமா?’ என்று பதிப்பாசிரியர் கேட்கிறார். என்னிடம் விடையில்லாததால் முதல் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்திருக்கிறேன்.

ஐயா,
‘வாழ்வாங்குமை’யை நான் இன்னும் கைவிடவில்லை.