27 வாரத்தில் பிறந்த மகள் இன்னும் நடக்கவில்லை

கேள்வி (மதுரை அம்மா):
என் மகள் 27 வாரத்தில், 940 கிராம் எடையில் பிறந்தாள். அவள் அப்பாவின் மோதிரம் அவள் முழங்கை வரை ஏறியது. இப்போது இரண்டு வயது. தூக்கி நிறுத்தினால் குதிகால் தரையில் படுவதில்லை. கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்கின்றன. பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு) என்கிறார் மருத்துவர். "குறைமாதப் பிள்ளை, மெல்ல நடக்கும்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

பதில் (திருச்சி அப்பா):
காத்திருக்காதீர்கள், சகோதரி. முன்கூட்டியே பிறந்த மூன்று மாதத்தைக் கழித்துவிட்டு, வயதை 21 மாதமாகக் கணக்கிட்டாலும் அந்த இறுக்கம் தானாக விலகாது. பிசியோதெரபியை இந்த வாரமே தொடங்குங்கள். என் மகனுக்குக் குளித்த சூடு ஆறுவதற்குள் கணுக்காலை நீட்டிவிடுவேன், அப்போதுதான் அழமாட்டான். ஐந்து வயதில், காலில் தாங்கி மாட்டி வாசல்வரை நடந்தான். அன்று நான் அழுதேன்.

பதில் (செங்கல்பட்டு பாட்டி):
குழந்தையின் கண்ணையும் காதையும் மறுபடி பரிசோதித்துப் பாருங்கள் அம்மா. மாற்றுத்திறனாளி அட்டை வாங்கியதும் மத்திய அரசின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் உண்டு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில்தான் என் பேத்திக்கு உட்காரும் நாற்காலி செய்தோம்.

மதுரை அம்மா:
நன்றி அண்ணா, நன்றி அம்மா. இன்று குளித்ததும் நீட்டிப் பார்த்தேன். சிணுங்கினாள், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை தெரபிக்குப் போகிறோம்.