மூன்று கிளைக் கொம்பு என்றால் மூன்று வயதா? புள்ளிமானின் வயதை எப்படிக் கணிப்பது?

கரும்பாறை:

வணக்கம். ஒரு குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் புள்ளிமான் கூட்டத்தைப் பதினான்கு மாதமாகக் கவனித்து வருகிறேன். வாரத்தில் இரண்டு நாள், விடியலில் ஒரு மணி நேரம். நோட்டில் தேதி, நேரம், ஆண், பெண், குட்டி என்று எண்ணிக்கை எழுதிவிட்டு, கடைசியில் 'வயது' என்று ஒரு கட்டமும் போட்டிருக்கிறேன். கொம்பில் ஒரு கிளைக்கு ஒரு வயது என்று சிறு வயதில் யாரோ சொன்னது மனதில் தங்கிவிட்டது. அந்தக் கணக்கிலேயே கட்டத்தை நிரப்பி வந்தேன்.

போன வாரம் மூன்று ஆண்கள் ஒன்றாக வந்தன. முதல் மானுக்குப் பக்கத்துக்கு மூன்று கிளை, நீண்டு வளைந்த கொம்பு. இரண்டாவதுக்கும் அதே மூன்று கிளைதான், ஆனால் கொம்பு பாதி நீளம், உடம்பும் ஒல்லி. மூன்றாவதுக்குக் கொம்பே இல்லை. தலையில் இரண்டு முண்டு மட்டும். ஆனால் மூன்றிலும் கனத்த உடம்பு அதற்குத்தான். என் கணக்குப்படி முதல் இரண்டும் ஒரே வயது, மூன்றாவதுக்கு வயதே இல்லை. பதினான்கு மாதமாக எழுதியது எல்லாம் தப்போ என்று கவலையாக இருக்கிறது.

வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றிய வழிகாட்டிகள் நிறைய கிடைக்கின்றன. கழுத்துப் பருமன், வயிறு, கால் என்று வரிசையாகப் படம் போட்டு வயது சொல்கிறார்கள். அதை அப்படியே புள்ளிமானுக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஈரக்காற்று:

கிளையை எண்ணுவதை இன்றே விட்டுவிடுங்கள். மானின் கொம்பு வருடாவருடம் விழுந்து புதிதாக முளைப்பது. இரலை, ஆடு, மாடு போல ஆயுள் முழுக்கத் தலையிலேயே இருந்து வளர்வதில்லை. உங்கள் மூன்றாவது மான் கொம்பைச் சமீபத்தில் உதிர்த்திருக்கும், அவ்வளவுதான். புள்ளிமானுக்கு முதல் கொம்பு ஊசி மாதிரி ஒற்றையாக வரும். அதற்குப் பிறகு மூன்று கிளை வந்துவிட்டால் பெரும்பாலும் கடைசிவரை மூன்றுதான். நான் கொம்பின் நீளத்தை வைத்துக் கணிக்கிறேன். காது நீளத்தைப் போல எத்தனை மடங்கு என்று பார்ப்பேன்.

பழைய நோட்டு:

கரும்பாறை, பதினான்கு மாதம் வீண் போகவில்லை. வயதுக் கட்டத்தை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் நல்ல பதிவு.

ஈரக்காற்று சொன்னது சரி. ஆனால் நீளத்தையும் முதல் சாட்சியாக வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. கொம்பு என்பது எலும்பு. ஒவ்வொரு வருடமும் அவ்வளவு எலும்பைப் புதிதாகக் கட்ட வேண்டும். இளம் மானுக்குத் தின்பதில் பெரும்பங்கு உடம்பு வளரவே போய்விடும், மிச்சம்தான் கொம்புக்கு. மேய்ச்சல் கெட்ட வருடத்தில் நல்ல வயதுள்ள மானுக்கும் கொம்பு சிறுத்துவிடும். கிழ மானுக்கும் சிறுக்கும். ஆக, குட்டையான கொம்பு இளமைக்கும் அடையாளம், பஞ்சத்துக்கும் அடையாளம், முதுமைக்கும் அடையாளம். அதனால் படத்தில் கொம்பைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு உடம்பை மட்டும் பாருங்கள். வயதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்த பிறகு விரலை எடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

ஒரு மானைப் பற்றிச் சொல்கிறேன். குட்டியாகத் தாயோடு வந்தபோதே இடது காதின் நுனி கிழிந்திருந்தது. நோட்டில் 'கிழிகாது' என்று எழுதினேன். எட்டு வருடத்துக்கு மேல் அது எனக்குக் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. வயது தெரிந்த ஒரு மானைப் பார்த்துக் கற்றது, நான் படித்த எல்லாவற்றையும் விட அதிகம்.

ஒரு வயது வாக்கில் ஊசிக்கொம்போடு தாயின் உயரத்துக்கு வந்திருந்தது. கொம்பை மறைத்தால் பெண் மான் என்றே சொல்லலாம், அப்படி ஒரு மெலிந்த கழுத்து. இரண்டு வயதில் மூன்று கிளை வந்துவிட்டது. ஆனால் உடம்புக்குப் பொருந்தாத நெடுங்கால். மார்பு ஆழமே இல்லாததால் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே நிறைய வெளிச்சம் தெரியும். கழுத்து குச்சி போல எழுந்து, தோளில் சேரும் இடத்தில் ஒரு மடிப்பு விழுந்தாற்போல் இருக்கும். மூன்று, நான்கு வயதில் மார்பு இறங்கியது, தோள் திரண்டது, இடுப்பு மட்டும் ஒட்டியே இருந்தது. ஓடுவதற்கென்றே செய்த உடம்பு. பார்க்க அழகான வயது அதுதான்.

ஐந்தில் இடுப்பும் நிறைந்துவிட்டது. கழுத்து எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. கால் அதே கால்தான், ஆனால் உடம்பு கீழே இறங்கிவிட்டதால் குட்டையாகத் தெரியும். முகத்தின் கருமை கூடியது. கழுத்து ரோமமும் கருத்தது. புள்ளிமான் ஆண்களில் இந்தக் கருமை வயதோடு கூடுவதை வேறு மான்களிலும் பார்த்திருக்கிறேன்.

அந்த வருடம்தான் நான் தப்பும் செய்தேன். தூரத்தில் கொம்பு உதிர்ந்த ஒரு ஆண். 'இளசு, இரண்டு இருக்கும்' என்று எழுதிவிட்டேன். வீட்டில் படத்தைப் பெரிதாக்கியபோது இடது காது கிழிந்திருந்தது. ஐந்து வயது மானை இரண்டு என்று எழுதியிருக்கிறேன்! கொம்பு இல்லாத தலை கண்ணை எவ்வளவு ஏமாற்றும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் மூன்றாவது மானைப் பார்த்ததும் எனக்கு அந்த நாள்தான் நினைவு வந்தது.

எட்டாவது வயதில் முதுகுக் கோடு நடுவில் தொய்ந்தது. வயிறு தொங்கியது. இடுப்பெலும்பு தோலுக்கு மேலே தெரிந்தது. கொம்பு முந்தின வருடத்தை விட மெலிந்திருந்தது. ஒன்பதாவது வருடத்தின் முதல் மழைக்குப் பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

இது ஒரே மானின் கணக்கு. நல்ல புல் உள்ள இடத்தில் ஒரு வருடம் முந்தும், இல்லாத இடத்தில் பிந்தும். அதனால் நோட்டில் எண் போடாமல் குட்டி, ஊசிக்கொம்பு, இளம் ஆண், முழு ஆண், கிழம் என்று வகை எழுதுங்கள். உங்கள் மூன்றில் முதலாவது அநேகமாக முழு ஆண், இரண்டாவது இளம் ஆண். மூன்றாவது, நீங்கள் சொல்லும் கனத்தை நம்பினால், முழு ஆண். முதலாவதை விட மூத்ததாகக்கூட இருக்கலாம்.

வெள்ளைவால் மான் வழிகாட்டிக்கு வருகிறேன். உடம்பின் விகிதம் பற்றிச் சொல்வதை எடுத்துக்கொள்ளலாம். காலண்டரை எடுத்துக்கொள்ளக் கூடாது. வடக்கில் வெள்ளைவால் மான் இலையுதிர் காலத்தில்தான் இணைகூடும், குட்டிகள் கோடை நெருங்கும்போது ஒரே சமயத்தில் பிறக்கும். இலையுதிர் காலத்தில் பார்க்கும்போது குட்டி பிறந்து ஏறக்குறைய அரை வருடம் கூடியிருக்கும், அதனால்தான் அவர்கள் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை என்று வயது எழுதுகிறார்கள். இணைகூடும் காலத்தில் எல்லா ஆண்களுக்கும் கழுத்து சேர்ந்தாற்போல் வீங்கும், ஒப்பிடுவது சுலபம். புள்ளிமான் அப்படி இல்லை. குட்டி எந்த மாதத்திலும் பிறக்கலாம். ஒரே கூட்டத்தில் ஒன்றுக்குக் கெட்டிக் கொம்பு, ஒன்றுக்கு வெல்வெட் (வளரும் கொம்பை மூடியிருக்கும் மென்ரோமத் தோல்) போர்த்திய கொம்பு, ஒன்றுக்கு முண்டு. ஒவ்வொன்றும் தன் சொந்தக் கணக்கில் ஓடுகிறது. இன்று தடித்த கழுத்தும் இன்று மெலிந்த கழுத்தும் ஒரே வயதாக இருக்கலாம்.

தாடை:

பழைய நோட்டு சொன்ன உடம்பு அடையாளங்களோடு பல்லையும் சேர்க்கிறேன். விலங்கு ஆய்வுக்கூடத்தில் சில வருடம் உதவியாளராக இருந்தேன், இறந்த மான்களின் கீழ்த்தாடையைச் சுத்தம் செய்து வயது பார்ப்பது என் வேலை.

மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. பார்க்க வேண்டியது கீழ்த்தாடையின் கடைவாய்ப் பற்கள். முழு வளர்ச்சி அடைந்த மானுக்குப் பக்கத்துக்கு ஆறு. அதில் முன்னாலிருந்து மூன்றாவது பல்தான் இளம் மானைக் காட்டிக்கொடுக்கும். அது பால்பல்லாக இருக்கும்வரை மூன்று மேடு, விழுந்து நிரந்தரப் பல் வந்தால் இரண்டு மேடு. வெள்ளைவால் மானில் இந்த மாற்றம் ஏறக்குறைய ஒன்றரை வயதில் நடக்கும். அதனால் குட்டி, ஓராண்டு கடந்தது, அதற்கும் மூத்தது என்று மூன்றாகப் பிரிப்பதில் தவறு வருவது அரிது.

அதற்கு மேல் தேய்மானம்தான். பல்லின் மேலுறையான வெள்ளை எனாமலுக்கு நடுவே, அதன் உள்ளே இருக்கும் பழுப்பு நிற டென்டின் எவ்வளவு அகலம் தெரிகிறது என்று பார்ப்பார்கள். செவரிங்ஹாஸ் என்ற அமெரிக்க வனவிலங்கு ஆய்வாளர் 1949இல் வெள்ளைவால் மானுக்கு இதை முறைப்படுத்தி எழுதினார், இன்றைக்கும் அதையே பின்பற்றுகிறார்கள். ஆனால் வயது ஏற ஏற இந்த முறையில் பிழை கூடும். மண் ஒட்டிய புல்லைத் தின்னும் மானுக்குப் பல் சீக்கிரம் தேயும், மென்மையான இலை தின்பதற்கு மெதுவாகத் தேயும். வயது ஒன்று, தேய்மானம் வேறு.

இன்னும் நுணுக்கமான வழி, முன்பல்லின் வேரை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது. வேரைச் சுற்றிப் படியும் சிமென்டம் மரத்தின் வளையம் போல வருடத்துக்கு ஒரு வரி விடும். கடும் குளிர்காலம் உள்ள இடங்களில் வரி தெளிவு. குளிர் இல்லாத இடத்து மான்களில் வரிகள் ஒன்றோடொன்று கலங்கித் தெரியும், எண்ணுபவர் இருவர் இரண்டு விடை சொன்னதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோள். காட்டில் தாடையோ உதிர்ந்த கொம்போ கிடந்தால் எடுத்து வராதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுத்தால் போதும்.

கரும்பாறை:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. பழைய நோட்டு ஐயா, கிழிகாதைப் பற்றிப் படித்துவிட்டு நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு சந்தேகம். ஒன்று, பெண் மான்களுக்கு என்ன செய்வது? என் கூட்டத்தில் அவைதான் அதிகம். இரண்டு, கிழிந்த காது எல்லா மானுக்கும் இருக்காதே, ஒரே மானை வருடக்கணக்கில் எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

பழைய நோட்டு:

பெண்கள்தான் கடினம். குட்டியையும் ஓராண்டுக்காரியையும் பிரிக்கலாம். இளசுக்கு முகம் குட்டை, காது தலைக்குப் பெரிதாகத் தெரியும், உடம்பு சதுரம். வளர்ந்த பெண்ணுக்கு முகம் நீளும், கழுத்து நீளும், உடம்பு நீள்சதுரமாகும். அதற்குப் பிறகு கிழமாகும்வரை உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. 'வளர்ந்த பெண்' என்று எழுதி நிறுத்துங்கள்.

வயிற்றை வைத்து மட்டும் கிழம் என்று முடிவு செய்யாதீர்கள். சினையாக இருக்கலாம். மேய்ந்து முடித்த நேரமாகவும் இருக்கலாம். அசைபோடும் விலங்குகளின் பெரிய இரைப்பை இடது பக்கம் இருப்பதால் இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு இன்னும் உப்பலாகத் தெரியும். விலா தெரிவதும் அப்படித்தான், வறட்சியில் மூன்று வயது மானுக்கும் விலா தெரியும்.

படம் எடுக்கும்போது மான் சமதரையில், பக்கவாட்டில், தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். குளத்துக் கரையில் முன்கால் பள்ளத்தில் இருந்தால் தோள் இறங்கி முதுகு கோணலாகத் தெரியும். குனிந்து குடிக்கும் படம் வயதுக்கு உதவாது. தானியங்கிக் கேமராவுக்கு மிக அருகில் வந்த மானின் தலை வீங்கினாற்போல் தெரியும், அதையும் ஒதுக்குங்கள். கூட்டத்தில் ஒரு வளர்ந்த பெண் பக்கத்தில் நிற்கும் படம் கிடைத்தால் விடாதீர்கள். அதன் தோள் உயரம்தான் உங்கள் அளவுகோல்.

இரண்டாவது சந்தேகத்துக்கு விடை மானின் மேலேயே இருக்கிறது. பெரும்பாலான மான் இனங்களில் குட்டிக்குத்தான் புள்ளி, வளர்ந்தால் மறைந்துவிடும். புள்ளிமானுக்கு ஆயுள் முழுவதும் இருக்கும். புள்ளி விழுந்திருக்கும் விதம் மானுக்கு மான் வேறு. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட வேறு. ஆகவே இந்த வருடம் பிறக்கும் குட்டிகளை இரண்டு பக்கமும் படம் எடுத்து, மாதத்தை எழுதி வைத்துவிடுங்கள். தோளிலிருந்து தொடை வரை முதுகை ஒட்டி ஓடும் வரிசையைப் பாருங்கள், ஒப்பிட அதுதான் சுலபம். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் 1953இல் தொடங்கிய சிவப்பு மான் ஆய்வு இன்றும் நடக்கிறது. அங்கே பிறப்பிலிருந்தே ஒவ்வொரு மானையும் தனித்தனியாகத் தொடர்கிறார்கள். அவர்கள் குட்டியைப் பிடித்து அடையாளம் இட வேண்டியிருக்கிறது. புள்ளிமான் பிறக்கும்போதே தன் அடையாளத்தோடு பிறக்கிறது.

கரும்பாறை:

ஐயா, நேற்று இரவு பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கொம்பில்லாத அந்த மூன்றாவது மானின் வலது தொடையில் நான்கு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு ஒரு வளைவு போல இருக்கின்றன. பதினொரு மாதத்துக்கு முந்தைய ஒரு படத்தில் அதே வளைவு இருக்கிறது. அந்தப் படத்தில் கூட்டத்திலேயே நீளமான கொம்பு அதற்குத்தான். அன்றைக்கு நோட்டில் 'வயது 3' என்று எழுதியிருக்கிறேன்.

அடித்துவிட்டு 'முழு ஆண்' என்று எழுதினேன். பக்கத்தில் வளைவையும் வரைந்து வைத்திருக்கிறேன். இப்போது கூட்டத்தில் ஐந்து குட்டிகள் இருக்கின்றன. இரண்டுக்கு இரண்டு பக்கமும் படம் கிடைத்துவிட்டது. மற்ற மூன்றும் தாயை விட்டு விலகுவதில்லை, வலப்பக்கம்தான் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை எதிர்க்கரையில் போய் உட்காரப் போகிறேன்.