ஈசிஆரில் சென்னை முதல் கன்னியாகுமரி வரை நான்கு நாள்: மேப் திருச்சிக்கே இழுக்கிறது, உதவுங்கள்

வேளச்சேரிவாசி (கேள்வி):

வணக்கம். பிப்ரவரி இரண்டாம் வாரம் குடும்பத்தோடு சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே காரில் போக ஆசை. நான், மனைவி, ஏழு வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. வண்டி சொந்தமில்லை, செல்ஃப் டிரைவ் வாடகை. ஓட்டப்போவது நான் ஒருவன்தான்.

திட்டம் இது: முதல் நாள் வேளாங்கண்ணி, இரண்டாம் நாள் ராமேசுவரம், மூன்றாம் நாள் காலை தனுஷ்கோடி பார்த்துவிட்டு இரவுக்குள் கன்னியாகுமரி, நான்காம் நாள் மதுரை வழியாக வீடு.

சிக்கல் என்னவென்றால், ராமேசுவரம் என்று போட்டால் மேப் திண்டிவனம், திருச்சி என்று உள்நாட்டுக்கு இழுக்கிறது. 'டோல் வேண்டாம்' என்று வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசம். வேளாங்கண்ணிக்குத் தெற்கே சாலை எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்று மகளிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

நாகைக்காற்று:

மகளிடம் சொன்னதை இப்போதே கொஞ்சம் மாற்றிச் சொல்லிவிடுங்கள். ஈசிஆர், கிழக்குக் கடற்கரைச் சாலை என்பதெல்லாம் பெயர்தான். முட்டுக்காட்டில் காயல் தெரியும், மரக்காணத்தில் உப்பளம் தெரியும், அங்கங்கே சவுக்குத் தோப்பு இடைவெளியில் ஒரு நீலக் கோடு தெரியும். புதுச்சேரி தாண்டினால் அதுவும் போச்சு. கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் வயலும் கடைத்தெருவும்தான்.

கடல் வேண்டுமென்றால் இடது கைப் பக்கம் திரும்ப வேண்டும். எங்கே திரும்புவது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் இந்தப் பயணமே. கடப்பாக்கத்தில் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை, சிதம்பரத்தில் திரும்பினால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. எனக்குப் பிடித்தது தரங்கம்பாடி. 1792-இல் கட்டிய நகர வாசலுக்குள் காரை விட்டு நேரே போனால் தெரு முடிகிற இடத்தில் கடல், பக்கத்தில் 1620-இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை. அம்மா காரைவிட்டு இறங்காமலே அலையைப் பார்க்கலாம். தமிழில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சடித்த ஊரும் இதுதான், 1715-இல். நீங்களோ முதல் நாளே வேளாங்கண்ணி என்று போட்டிருக்கிறீர்கள், இத்தனையையும் கண்ணாடி வழியாகவே தாண்டிவிடுவீர்கள்.

துண்டுபோடு:

மேப் விஷயத்துக்கு வருகிறேன். அதைத் திட்டிப் பயனில்லை. அது வேகமான வழியைத் தேடுகிறது, அகலமான சாலை திருச்சிப் பக்கம் இருக்கிறது. முதலில் அந்த 'டோல் வேண்டாம்' என்பதை எடுத்துவிடுங்கள். உத்தண்டியில் சுங்கச்சாவடி இருப்பதால் ஈசிஆரையே தவிர்த்துவிட்டு உங்களை ஓஎம்ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) கொண்டுபோய்த் தள்ளும்.

அப்புறம், முழுப் பயணத்தையும் ஒரே வழியாகப் போடாதீர்கள். நாளுக்கு ஒன்றாக வெட்டுங்கள், நடுவில் ஊர்களை நிறுத்தமாகச் சேருங்கள். முதல் துண்டுக்கு மரக்காணம், கடலூர், சீர்காழி போதும். நாகைக்குத் தெற்கேதான் கவனம் தேவை: வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் வழி தானாகக் கடலோரத்துக்கு வந்துவிடும். ஒரு நிறுத்தம் தாண்டியதும் 'இதைவிட விரைவான வழி' என்று கேட்கும், கை தவறி ஒப்புக்கொள்ளாதீர்கள். கிளம்புமுன் வரைபடத்தை ஃபோனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்டியரிங்:

தம்பி, முப்பது வருடம் இந்தப் பக்கம் லாரி ஓட்டியவன். உங்கள் திட்டத்தில் மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எனக்குப் பிடிக்கவில்லை. தனுஷ்கோடி பார்த்துவிட்டுக் கன்னியாகுமரி என்றால் முந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, மறுநாள் சென்னைக்கு எழுநூறு. ஒரே ஆள் ஓட்டக்கூடாது.

முத்துப்பேட்டைக்கு அப்பால் சாலை மோசமில்லை. சாலையில் இருப்பவைதான் பிரச்சினை. ஆடு, மாடு, எதிரே தவறான பக்கத்தில் வரும் பைக், பின்விளக்கு இல்லாத டிராக்டர். நீங்கள் போகும் மாதம் டெல்டாவில் சம்பா அறுவடை. பாதிச் சாலையில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் கல்லை அடுக்கி வைத்திருப்பார்கள். பகலில் ஒதுங்கிப் போகலாம். இருட்டில் அந்தக் கல் தெரியாது. விடிந்தபின் கிளம்புங்கள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஊர் போய்ச் சேருங்கள். ஒரு நாளைக்கு இருநூற்றைம்பது போதும்.

கன்னியாகுமரியை விட்டுவிட்டு ராமேசுவரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து.

முத்துநகர்க்காரன்:

அதெப்படி ஐயா, ராமநாதபுரத்துக்குத் தெற்கே ஒன்றுமே இல்லாத மாதிரி சொல்கிறீர்கள்? கீழக்கரை, சாயல்குடி, வேம்பார் வழியில் சாலை காலியாக இருக்கும். திருச்செந்தூர் தாண்டி மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் சர்ச். அதைப் பார்க்காமல் கடற்கரைப் பயணம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

பழைய ஸ்டியரிங்:

இல்லை என்று சொல்லவில்லை. அதற்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும் என்கிறேன்.

வேளச்சேரிவாசி:

எல்லாருக்கும் நன்றி. சனி, ஞாயிறு சேர்த்தால் ஆறு நாள் கிடைக்கிறது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அம்மாவின் பெரிய கவலை கழிப்பறை. கீழே உட்கார முடியாது. வழியில் என்ன செய்வது? வாடகை வண்டியில் புதுச்சேரி, காரைக்கால் தாண்டுவதில் ஏதாவது தொந்தரவு உண்டா?

மாமியாரோடு சுற்றுபவள்:

கூச்சமே வேண்டாம், என் மாமியாருக்கும் இதே நிலைதான். மடக்கு நாற்காலிபோல் இருக்கும் கமோடு ஸ்டூல் மருந்து உபகரணக் கடைகளில் கிடைக்கும். டிக்கியில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்க் கழிப்பறையில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். காலையில் தங்கும் இடத்தைவிட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, மதியம் கொஞ்சம் பெரிய ஊரில் நல்ல ஹோட்டலாகப் பார்த்து ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். பாவம், பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள், அதற்கு விடாதீர்கள்.

ராமேசுவரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடப் போகிறேன் என்று உங்கள் அம்மா பிடிவாதம் பிடிப்பார். தரை முழுக்க ஈரம். முழங்கால் வலிக்கு அது சரிவராது. பிராகாரத்தை மட்டும் மெதுவாகச் சுற்றிக் காட்டுங்கள். கோயிலை ஒட்டிக் கார் போகாது, அதனால் ஆட்டோவில் போவது நல்லது.

இன்னொன்று. தெற்கு நோக்கிப் போகும்போது கடல் எப்போதும் இடது பக்கம். அம்மாவை முன்னால் இடது சீட்டில் உட்கார வையுங்கள், காலை நீட்டவும் இடம் கிடைக்கும்.

துண்டுபோடு:

வாடகை வண்டியின் நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்பில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் முறையான செல்ஃப் டிரைவ். வெள்ளைப் பலகை வண்டியைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம், ஏதாவது ஆனால் காப்பீடு கைவிரித்துவிடும். புதுச்சேரியும் காரைக்காலும் யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே போக பெர்மிட் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காரைக்காலில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு, அங்கே டேங்கை நிரப்புங்கள். நிரப்புவது டேங்கோடு நிற்கட்டும். பாட்டில் எதுவும் வாங்கிப் போட்டுக்கொண்டு எல்லை தாண்டாதீர்கள், சோதனைச் சாவடியில் வண்டியோடு மாட்டிக்கொள்வீர்கள்.

பழைய ஸ்டியரிங்:

ஆறு நாள் என்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் இரவு தரங்கம்பாடி, அறை கிடைக்காவிட்டால் காரைக்கால். மறுநாள் வேளாங்கண்ணியில் பெட்டியை வைத்துவிட்டுக் கோடியக்கரை போய் வாருங்கள். வெளிமான் நிச்சயம் கண்ணில் படும், பூநாரைக்கும் அதுதான் காலம். போகிற வழியில் அகஸ்தியம்பள்ளியில் 1930 உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது, ராஜாஜி உப்பெடுத்த இடம். சுற்றிலும் இன்றைக்கும் உப்பளம்தான். மூன்றாம் நாள் விடிந்ததும் கிளம்பி, மல்லிப்பட்டினம் பக்கம் மனோராவில் கொஞ்சம் நின்று, சாயங்காலத்துக்குள் ராமேசுவரம். நெப்போலியன் தோற்றதற்காகத் தஞ்சாவூர் மன்னர் சரபோஜி கட்டிய கோபுரம்தான் மனோரா. நெப்போலியன் எங்கே, மல்லிப்பட்டினம் எங்கே!

பாம்பன் சாலைப் பாலத்தில் எல்லாரும் நிறுத்துகிறார்கள் என்று நீங்களும் நிறுத்தாதீர்கள். மெதுவாகப் போனாலே 2025-இல் திறந்த புது ரயில் பாலம் பக்கத்தில் தெரியும். நான்காம் நாள் காலையிலேயே தனுஷ்கோடி. சாயங்காலம் ஆனால் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1964 புயலில் அழிந்த ஊரின் சர்ச் சுவர் இன்னும் நிற்கிறது. நிலம் முடிகிற அரிச்சல்முனை வரை தார்ச்சாலை உண்டு, சக்கரத்தை மணலில் மட்டும் இறக்காதீர்கள். ஐந்தாம் நாள் திரும்பும் வழியில் திருச்சியில் படுத்துவிட்டு, ஆறாம் நாள் வீடு.

வேளச்சேரிவாசி (மூன்று வாரம் கழித்து):

போய் வந்துவிட்டோம். பெரியவர் சொன்னபடியே ஆறு நாள். மணப்பாட்டு நண்பர் மன்னிக்க வேண்டும், அது அடுத்த வருடத்துக்கு.

மேப் ஒரே ஒரு தடவைதான் ஏமாற்றியது. சீர்காழிக்குப் பக்கத்தில் நானே கை தவறி 'விரைவான வழி'யை அழுத்திவிட்டேன், இருபது நிமிடம் வாய்க்கால் கரையில் ஓட்டினோம். நெல் காயப்போட்டிருந்ததை முத்துப்பேட்டைக்கு முன்னால் நேரிலேயே பார்த்தேன், கல் வரிசை உட்பட. இரவில் வந்திருந்தால் நிச்சயம் ஏற்றியிருப்பேன். ஸ்டூல் இரண்டு தடவை உதவியது. அம்மா தரங்கம்பாடியில் ஒரு மணி நேரம் காரைவிட்டு இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். தீர்த்தம் ஆட விடவில்லை என்று என்மேல் இன்னும் கோபம்.

மகள் ஒவ்வொரு ஊரிலும் 'இது இடது பக்க ஊரா?' என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தனுஷ்கோடியில் ஒரு பை நிறையக் கிளிஞ்சல் பொறுக்கினாள், பையில் ஓட்டை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது சீட்டுக்கடியில் மணல் என்று முன்பணத்தில் ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.