ட்ரூமன் பண்ணையில் அப்பாவோடு ஒரு மதியம்

முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் தொடர்பான இடங்களுக்குப் போய்வந்த அனுபவத்தைக் கேட்டதற்கு, எல்லாரும் மிசௌரி மாநிலத்து இன்டிபென்டன்ஸ் ஊரிலுள்ள ட்ரூமன் நூலகத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் போனது அதே மாநிலத்தில் கிராண்ட்வியூ ஊரில் அவர் குடும்பம் வைத்திருந்த பண்ணைக்கு. போன கோடையில் உடுமலையிலிருந்து அப்பா வந்திருந்தார். மியூசியம் என்றால் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிற ஆள், பண்ணை என்றதும் செருப்பை மாட்டிவிட்டார்.

வெள்ளையடித்த மரவீடு, பழைய கல் வேலிக்கால்கள், கொஞ்சம் புல்தரை. அவ்வளவுதான்.

"அறுநூறு ஏக்கர்னு சொன்னே?"

மிச்சத்தை 1950களில் விற்றுவிட்டார்கள், கடைத்தெருவே வந்துவிட்டது என்றேன். அப்பா முகம் சுருங்கியது.

ஹாரி ட்ரூமன் 1906 முதல் 1917 வரை இங்கே ஏர் ஓட்டியவர். ஒருமுறை கன்றுக்குட்டி முட்டித் தள்ளிக் கால் முறிந்ததைச் சொன்னபோது அப்பா சிரித்தார் (எருமை மிதித்த தழும்பு அவர் காலிலும் உண்டு). முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபோது ட்ரூமனுக்கு 33 வயது ஆகப்போகிறது. கட்டாய ஆள்சேர்ப்புக்கான வயதைத் தாண்டியாச்சு, கண்பார்வையும் மோசம். பேசாமல் ஊரிலேயே இருந்திருக்கலாம். ஆனாலும் போனார். பிரான்சில் பீரங்கிப் படையில் 'டி' பேட்டரி என்ற பிரிவுக்கு கேப்டன் ஆனார்.

அப்பாவுக்கு பீரங்கியில் அக்கறையில்லை. "அப்ப பண்ணையத்த யாரு பாத்தா?"

"அம்மாவும் தங்கச்சியும். தங்கச்சி பேரு மேரி ஜேன்."

"அந்தப் புள்ளைக்குக் கல்யாணம்?"

"கடைசிவரை ஆகலைங்கப்பா."

கல் தூணைத் தடவிக்கொண்டு நின்றார். அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதிக்கு வந்தேன். போரிலிருந்து திரும்பி வைத்த துணிக்கடை நொடித்தது, அரசியலுக்குப் போனார், 1934இல் செனட்டராகத் தேர்வானார். 1940இல், மகன் செனட்டராக இருக்கும்போதே, கடன் கட்டமுடியாமல் அம்மாவின் பண்ணை ஜப்தியானது. 87 வயதுக் கிழவி வீட்டைக் காலிசெய்து ஊருக்குள் குடிபோனார். புது வீட்டில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது.

"செனட்டருன்னா நம்மூரு எம்.பி. மாதிரியா?"

"ஆமாங்கப்பா."

"எம்.பி. நெலத்துக்கு ஜப்தியா!" இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். 1945இல் அவரே ஜனாதிபதி ஆனதும், பிறகு பண்ணையில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்கியதும் அப்பாவுக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

திரும்பும்போது கடைத்தெருவில் பால் வாங்க நிறுத்தினேன். வந்து பார்த்தால் அப்பா காரில் இல்லை. பார்க்கிங் ஓரத்துச் செடிப் பாத்தியில் குனிந்து, மண்ணை விரலில் நசுக்கிக்கொண்டிருந்தார்.

"மக்காச்சோளத்துக்கு ஏத்த மண்ணுடா."