மைக்ரோசாட்டிலைட்: துணைக்கோளா, அடுக்கா?

அன்பர்களுக்கு வணக்கம்.

தமிழ்வழி மாணவர்களுக்கான பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். காட்டு ஆப்பிளின் மரபணுப் பன்மையை மூலக்கூறு குறிப்பான்களால், அதாவது மரத்துக்கு மரம் வேறுபடும் டி.என்.ஏ. அடையாளங்களால், அளப்பது பற்றிய பாடம். மைக்ரோசாட்டிலைட் என்ற சொல்தான் இடிக்கிறது. 'நுண்துணைக்கோள்' எனக்கு ஒப்பவில்லை. டி.என்.ஏ.வைச் சீசியம் குளோரைடு கரைசலில் போட்டு அதிவேகமாகச் சுழற்றியபோது, பெரிய பட்டைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்ற சிறு பட்டைக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது அது. துணைக்கோள் என்றால் பிள்ளைகள் வானத்தைத்தான் நினைப்பார்கள்.

உண்மையில் மைக்ரோசாட்டிலைட்டில் இருப்பது சிஏசிஏசிஏ என்பதுபோல, ஒன்று முதல் ஆறு டி.என்.ஏ. எழுத்து வரையுள்ள துண்டு ஒன்றன் வாலில் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருவது. எத்தனை தடவை என்பது மரத்துக்கு மரம் மாறும். தாய்வழியில் 12, தந்தைவழியில் 17 என்றால் டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் இரண்டு பட்டையும் தனித்தனியே தெரியும். ஐரோப்பியக் காட்டு ஆப்பிளில் தோட்ட ஆப்பிள் கலந்திருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். அதனால் 'நுண்ணடுக்கு' என்கிறேன்.
— தாவரவியல் ஆசிரியை, கடலூர்

அம்மா, இலக்கணத்தில் ஒரே சொல்லை அடுக்கிச் சொல்லும் அடுக்குக்கு வரம்பு உண்டு. செய்யுளில் ஓசையை நிறைக்கும் இசைநிறைக்கு நான்கு, விரைவுக்கு மூன்று என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. இருபது தடவை வருவது எப்படி அடுக்காகும்? இரட்டைக்கிளவியும் ஆகாது, அது பிரிந்தால் பொருள் தராது. மீள்வது மீளி, 'நுண்மீளி' என்போம். கூடவே ஆப்பிளைக் 'குமளி' என்று எழுதுங்கள். பிரேசிலிலிருந்து வந்த மரத்துக்கு முந்திரி என்று பெயர் சொல்லி நம் பக்கத்தில் வளர்க்கவில்லையா?
— தமிழாசிரியர் (ஓய்வு), புதுச்சேரி

ஐயா, மீளி என்றால் சங்கப் பாட்டில் வீரன். வரம்பு சொன்னது சொல்லடுக்குக்கு. வீட்டு வாசலில் அடுக்கு நந்தியாவட்டை இருக்கிறதே, அதன் இதழை யார் எண்ணி நான்கோடு நிறுத்தினார்கள்? அடுக்கே சரி. குமளி வேண்டாம், பழக்கடையில் கேட்டால் யாருக்கும் புரியாது.
— வேளாண் பட்டதாரி, விருத்தாசலம்

இரண்டும் வேண்டாமே. நாளை ஆய்வுக்கூடத்தில் அந்த மாணவர் காதில் விழப்போவது மைக்ரோசாட்டிலைட்தான். அப்படியே எழுதிவிடலாம்.
— ஆய்வு மாணவர், சிதம்பரம்

தம்பி, வெறும் ஒலியாக எழுதினால் மனப்பாடம்தான் மிஞ்சும். அடுக்கு என்றதும் எண்ணிப் பார்க்கத் தோன்றும். இந்தக் குறிப்பானின் வேலையே எண்ணுவதுதான். ஆனாலும் ஆய்வுக்கூடச் சொல் தெரியாமல் அனுப்பக் கூடாது. எனவே முதல் இடத்தில் 'நுண்ணடுக்கு (மைக்ரோசாட்டிலைட்)', அப்புறம் நுண்ணடுக்கு மட்டும். ஆப்பிள் ஆப்பிளாகவே இருக்கட்டும். ஐயா பொறுத்தருள வேண்டும்.
— கடலூர்

அச்சிடுங்கள் அம்மா, தடுக்கவில்லை. வரம்பு மீறிய அடுக்கு என்ற என் மறுப்பு மட்டும் பதிவில் இருக்கட்டும். மீளிக்கு இடப்பொருளால் பொருள் வேறுபடும் என்பதை நாளை விரிவாக எழுதுகிறேன்.
— புதுச்சேரி